திருச்சியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் சென்னை. சோழிங்கநல்லூரில் ஆபீஸ், பெருங்குடியில் இரண்டு பேருடன் ஒரு அறை. இப்போது என் டீமில் பாதிப் பேரைத் திருச்சி நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் உள்ள கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். கட்டாயம் இல்லை. போனால் டீம் லீட் பொறுப்பு கிடைக்கும், சம்பளம் அதேதான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நண்பர்கள் சிரிக்கிறார்கள். “எட்டு மணிக்குக் கடையைச் சாத்திடுவாங்க, விட்டா கோயிலுக்குப் போகலாம், அவ்வளவுதான்” என்கிறார்கள். பெசன்ட் நகர் பீச், ஸ்டாண்ட்-அப் காமெடி, நாடகம், நடுராத்திரி பிரியாணி என்று பழகிவிட்டேன். அம்மாவுக்கோ ஏக சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வருகிறது. வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நானாக ஒருவரைச் சந்தித்து முடிவெடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. திருச்சி மாதிரி ஊரில் என் வயதுக்காரர்கள் சந்தோஷமாக இருக்க முடியுமா மேடம்?
— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பதே திருச்சியில்தான். கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் வேலை பற்றியும் வாழ்க்கை பற்றியும் பேசுவது என் தொழில். அதனால் ஊர்ப்பாசம் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். கொஞ்சம் தள்ளுபடி போட்டே படியுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி நிஜம். எட்டு மணிக்குக் கடை சாத்துவது அந்தக் காலத்துக் கதை. ஆனால் சனிக்கிழமை ராத்திரியைப் பொறுத்தவரை திருச்சியும் சென்னையும் ஒன்று என்று நான் சொன்னால் அது பொய். பெரிய இசை நிகழ்ச்சிகள் சென்னைக்கும் கோவைக்கும் போகிற அளவு இங்கே வருவதில்லை. ஸ்டாண்ட்-அப் எப்போதாவது எட்டிப் பார்க்கும். நவீன நாடகம் அதைவிட அபூர்வம். பப், டி.ஜே. என்று ஆடிப் பாடப் பிடிக்கும் என்றால் நட்சத்திர ஹோட்டல் பார் ஒன்றிரண்டோடு முடிந்தது. கடல் கிடையவே கிடையாது. ஒரு வாரம் ஒன்று பார்த்தால் அடுத்த வாரம் வேறொன்று என்று தேர்ந்தெடுக்கும் வசதியை நீங்கள் இழக்கத்தான் போகிறீர்கள்.

சரி, சனிக்கிழமைக் கணக்கு அப்படி. மற்ற நாட்கள்?

ஒரு வேலை செய்யுங்கள். போன இரண்டு மாத ஜிபே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்தெந்த நாளில் எங்கே காசு போயிருக்கிறது என்று பாருங்கள். பெசன்ட் நகருக்கு எத்தனை முறை போனீர்கள்? நாடகத்துக்கு எத்தனை டிக்கெட்? மிச்சமெல்லாம் ஸ்விக்கியும் ஆட்டோவும்தானா? என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்பதைவிட, சென்னையில் இருக்கலாம் என்ற நினைப்பில் இருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் நகர்ந்து, அறைக்கு வந்து, போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். பட்டியலில் நிஜமாகவே வாரத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் தெரிந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. அப்படியானால் திருச்சியை யோசித்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லையென்றால், நீங்கள் இழப்பதாக நினைக்கிற பலவும் இப்போதே உங்கள் கையில் இல்லை.

என் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னால், சென்னை சனிக்கிழமையில் ஜெயிக்கும், திருச்சி செவ்வாய்க்கிழமையில் ஜெயிக்கும். உங்களுக்கு எது முக்கியம் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

செவ்வாய்க்கிழமை என்றால் என்ன என்று சொல்கிறேன். ஆறரைக்கு வேலை முடிகிறது. ஸ்கூட்டர் இருந்தால் நவல்பட்டிலிருந்து ஊருக்குள் வர அரை மணி, முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டுக் கிளம்பினாலும் எட்டு மணிக்குக் காவிரிப் பாலத்தில் இருக்கலாம். பாலத்தில் வண்டியை ஓரங்கட்டக் கூடாதுதான். ஆனாலும் எல்லோரும் ஓரங்கட்டுகிறார்கள், போலீஸ் வந்து விசில் அடித்தால் நகர்கிறார்கள், போனதும் திரும்ப வந்து நிற்கிறார்கள். மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்த பிறகு, அதிலும் ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் பேச்சு காதில் விழாது. ஒரு பக்கம் மலைக்கோட்டை விளக்குப் போட்டு நிற்கும், இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பதற்கு ஆகும் செலவை நீங்களே கணக்குப் போடுங்கள். அங்கிருந்து திருவானைக்காவல் பத்து நிமிடம்கூட இல்லை. அங்கே பார்த்தசாரதி விலாஸ் என்று 1943-இல் தொடங்கிய ஒரு கடை. நெய் தோசைக்குப் பேர்போனது. கூட்டம் இருந்தால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும், அதுதான் அங்கே டோக்கன். இதையெல்லாம் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குள் படுக்கையில் இருக்கலாம். மறுநாள் ஆபீஸ் போவது பாதிக்காது. சென்னையில் வார நாளில் இப்படி ஒரு சாயங்காலத்தை அமைக்க வேண்டுமானால் நாலு பேர் வாட்ஸ்அப்பில் மூன்று நாள் பேச வேண்டும், கடைசியில் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் அதே பாலத்தில் நின்றால் கீழே வெறும் மணல்தான். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12; நீர்மட்டம் குறைவாக இருந்தால் அதுவும் தள்ளிப்போகும். வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சென்னையில் மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்றை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அந்த இரண்டு மாதம் சாயங்காலம் ஏழு மணி வரை வெளியே தலை காட்ட மனசு வராது.

கோயிலுக்குத்தான் போகலாம் என்று கிண்டல் செய்தார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. பக்தி இல்லாதவர்களும் இங்கே கோயிலைச் சுற்றித்தான் பொழுதுபோக்குகிறார்கள். மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரம், நானூறுக்கு மேல் படி. ஜிம்முக்குக் காசு கட்டாமல் வாரம் இரண்டு முறை ஏறி இறங்குகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். உச்சியில் உட்கார்ந்தால் ஊர் முழுவதும் காலடியில். ஏறி இறங்கின களைப்புக்கு மெயின் கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு நகர வேண்டிய இடம். காதலர்கள், கல்லூரிக் கூட்டம், பேரனைத் தூக்கிவந்த தாத்தா என்று எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுவிலிருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். நண்பர்கள் கவனிக்காத சிக்கல் இது.

திருச்சியில் இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. புனித வளனார், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, ஹோலி கிராஸ், துவாக்குடியில் என்.ஐ.டி., சூரியூர் பக்கம் ஐ.ஐ.எம்., பாரதிதாசன் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி, போதாக்குறைக்கு டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையங்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை நாலரைக்கு நின்று பாருங்கள், ஊரே இருபது வயசு மாதிரி இருக்கும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்த கையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிவிடுவார்கள். மறுபக்கம், முப்பதைத் தாண்டிக் குடும்பத்தோடு இருக்கிறவர்கள். நடுவில் இருபத்து நாலு முதல் முப்பது வரை, தனியாக, சம்பாதித்துக்கொண்டு இருக்கும் ஆட்கள்தான் குறைவு. அதனால் இங்கே டீக்கடையும் ஜூஸ் கடையும் மாணவர்களுக்காக இருக்கின்றன, பெரிய ஹோட்டல்கள் குடும்பத்துக்காக இருக்கின்றன. ‘தனியா வந்திருக்கீங்களா?’ என்று சர்வர் கேட்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அது உங்களுக்கு அடிக்கடி நடக்கும். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எந்த மேஜையைக் கொடுப்பது என்று அவருக்கே தெரியாது.

எண்ணிக்கை குறைவு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. பெல் நிறுவனத்தின் இளம் இன்ஜினியர்கள், மாற்றலாகி வந்த வங்கி அதிகாரிகள், பொன்மலைப் பணிமனையிலும் ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், பயிற்சி டாக்டர்கள், என்.ஐ.டி.யில் பி.ஹெச்.டி. செய்கிறவர்கள். இவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளியூர்க்காரர்கள். யாருக்கும் இங்கே பள்ளிக்கூட சிநேகிதர்கள் கிடையாது. எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன செய்வது என்ற அதே பிரச்சினை. சென்னையில் ஏற்கெனவே நிரம்பிய நட்பு வட்டத்துக்குள் நுழைவதைவிட, இங்கே காலியாக இருப்பவர்களோடு ஒட்டிக்கொள்வது சுலபம்.

எங்கே ஒட்டுவது என்று கேட்பீர்கள். நிகழ்ச்சிக்குப் போய் ஆட்களைச் சந்திக்கலாம் என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். தினமும் அதே முகங்கள் வரும் இடமாகப் பாருங்கள். அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடுதளமும் நீச்சல் குளமும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு அங்கே வருகிறவர்கள் மறுநாளும் வருவார்கள். ஷட்டில் கோர்ட்டுகள் ஊரெங்கும் முளைத்துவிட்டன. விடியற்காலையில் சைக்கிளிலும் ஓட்டத்திலும் முக்கொம்பு வரை, கல்லணை வரை போகிற குழுக்கள் உண்டு. கர்நாடக இசையில் நாட்டம் இருந்தால் ரசிக ரஞ்சன சபா. புத்தகப் பிரியர் என்றால் இலக்கியக் கூட்டங்கள் நடக்கும், மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவும் உண்டு. ஆனால் இலக்கியக் கூட்டத்தில் உங்கள் வயதுக்காரர் நாலு பேர் இருந்தால் அதிர்ஷ்டம், மற்றவர்கள் எல்லாம் என் வயது. இவற்றில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் விடாமல் போங்கள். ஐந்தாறு இடங்களில் தலையைக் காட்டுவதைவிட அது பலன் தரும். நாடகம் பார்க்க ஆசை இருக்கிற உங்களைப் போன்றவர் இங்கே நாடகம் போடுகிற ஆளாகவே மாறலாம். சென்னையில் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், இங்கே நாலு பேரும் ஒரு கல்லூரி அரங்கமும் போதும். ஆனால் யாராவது தொடங்கியே ஆக வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கத் தெம்பு உண்டா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது இருக்காது, அதில் தப்பும் இல்லை.

அடுத்தது கண்கள். ‘எங்கே போனாலும் யாராவது பார்ப்பார்களே’ என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அம்மாவின் சந்தோஷத்தைச் சந்தேகிப்பதிலேயே அது தெரிகிறது. பார்ப்பார்கள். ஒரு பையனோடு தில்லை நகரில் காபி குடித்தால் மறுநாள் ஆபீஸில் ‘நேத்து உங்களை எங்கேயோ பார்த்தேனே’ என்று ஒருவர் இழுப்பார். உங்களுக்கு ஒரு சாதகம், உங்கள் சொந்தபந்தம் இங்கே இல்லை. திருச்சிப் பெண்ணுக்கு இருக்கும் நெருக்கடியில் கால்வாசிதான் உங்களுக்கு. துணை தேடும் செயலிகளைப் பொறுத்தவரை சொல்கிறேன்: ஒரு வாரம் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால் தெரிந்த முகங்கள் வரத் தொடங்கும், அதில் ஒருவர் உங்கள் கிளையன்ட் மேனேஜராக இருப்பார். நான் பார்த்தவரை, இந்த அளவு ஊரில் நல்லபடியாக அமைந்த ஜோடிகள் பலரும் செயலியில் சந்தித்தவர்கள் இல்லை. பொது சிநேகிதர்கள் மூலமாகச் சந்தித்தவர்கள். அதற்கும் முன்னால் சொன்ன அந்த வட்டம்தான் அடிப்படை. வீட்டில் வரன் பார்ப்பதற்கும் திருச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; ‘எனக்கு ஒரு வருஷம் கொடுங்கள்’ என்ற பேச்சைச் சென்னையிலிருந்தாலும் நீங்கள்தான் பேச வேண்டும். டீம் லீட் ஆன கையோடு பேசினால் கொஞ்சம் எடுபடும்.

வீடு தேடும்போதுதான் ஊரின் முகம் நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆகவில்லையா, யார் யார் வருவார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள், அசைவம் சமைப்பீர்களா. கடைசிக் கேள்வி சமையலைப் பற்றியது மட்டும் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். சில தெருக்களில் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், சில தெருக்களில் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சென்னையிலும் இது இல்லாமல் இல்லை, ஆனால் அங்கே அடுத்த தெருவில் வேறு வீடு கிடைக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்காரரிடம் சமாதானம் பேசி நேரத்தை வீணாக்காமல் அடுக்குமாடிக் குடியிருப்பாகப் பாருங்கள். கண்டோன்மென்ட், கே.கே. நகர், தில்லை நகர், புத்தூர் எல்லாம் வெளியூர் ஆட்கள் பழகிய பகுதிகள். முதல் சில மாதம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இருந்துகொண்டு நிதானமாகத் தேடலாம். அரசின் தோழி விடுதி திருச்சியிலும் இருக்கிறது. நீங்கள் இப்போது மூன்றில் ஒரு பங்காகக் கொடுக்கும் வாடகையோடு கொஞ்சம் சேர்த்தால் இங்கே தனியாக ஒரு சின்ன வீடே கிடைத்துவிடும். 26 வயதில் தனக்கென்று ஒரு கதவும் சாவியும் இருப்பதைப் பொழுதுபோக்குக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

ஆபீஸுக்குப் பக்கத்தில் மட்டும் வீடு எடுக்காதீர்கள். நவல்பட்டு, துவாக்குடி பக்கம் வாடகை குறைவு, தூரமும் மிச்சம். ஆனால் ஆறு மணிக்கு மேல் அங்கிருந்து ஊருக்குள் வர உங்களுக்கே சலிப்பாகிவிடும். பிறகு ‘திருச்சியில் ஒன்றுமே இல்லை’ என்று சொல்வீர்கள். நீங்கள் திருச்சிக்குள் வந்திருக்கவே மாட்டீர்கள். கே.கே. நகர் உங்களுக்கு நடுவாந்தரம். ஸ்கூட்டர் கட்டாயம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம்தான், ஆனால் இந்த ஊரில் தனியார் டவுன் பஸ் ஏராளம், பாட்டைப் போட்டுக்கொண்டு பறக்கும் அந்தப் பஸ்ஸில் காசு கொடுத்தாக வேண்டும். ஒன்பதரை மணிக்கு மேல் புறநகர்ப் பக்கம் எதையும் நம்ப முடியாது.

வார இறுதிக்கு ஒரு எச்சரிக்கை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலை எழும்பூர். சௌகரியமான ரயில், அதுதான் ஆபத்து. மாற்றலாகி வந்த பிள்ளைகள் முதல் மாதம் எல்லா வெள்ளிக்கிழமையும் அதில் ஏறுவார்கள். திங்கள் காலை தூக்கக் கலக்கத்தோடு ஆபீஸ். வாரம் முழுவதும் அடுத்த வெள்ளியை எண்ணிக்கொண்டு அறையிலேயே கிடப்பார்கள். இப்படி ஒரு வருஷம் இருந்துவிட்டு ஊரைக் குறை சொல்வார்கள். சென்னைக்கு மாதம் ஒரு முறை போங்கள், பிடித்த நிகழ்ச்சி ஒன்றை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள். ஜிபே பட்டியல் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இப்போது நீங்கள் நாடகத்துக்குப் போகும் கணக்குக்கு அதுவே அதிகமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மற்ற மூன்று வாரத்துக்கு ஊரின் இருப்பிடமே உதவும். தமிழ்நாட்டு வரைபடத்தில் விரலை நடுவில் வைத்தால் திருச்சி. தஞ்சாவூர் ஒன்றரை மணி நேரத்துக்குள். புதுக்கோட்டைப் பக்கம் போனால் நார்த்தாமலை, சித்தன்னவாசல், கொடும்பாளூர் எல்லாம் ஒரே நாளில் அடங்கும். நார்த்தாமலைப் பாறையில் காலை ஏழு மணிக்கு ஏறினால் பெரும்பாலும் நீங்களும் ஆடு மேய்ப்பவரும் மட்டும்தான். 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை, கொஞ்சம் தள்ளிப் பச்சைமலை, புளியஞ்சோலை. மதுரைக்குப் போய் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று திடீரென்று கிளம்புகிற கூட்டமும் உண்டு, நானே அதில் ஒருத்தி. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. புது முனையம் 2024-இல் திறந்தார்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம், டிக்கெட் சலுகை வரும்போது என்.ஐ.டி. பிள்ளைகள்கூடப் போய்விட்டு வந்து படம் காட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சந்தோஷத்தைப் பற்றி. உங்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது வேலையைப் பற்றி. சென்னையில் இந்தக் கம்பெனி கசந்தால் அதே ஓ.எம்.ஆரில் நாலு கட்டடம் தள்ளி அடுத்த வேலை கிடைக்கும். இங்கே ஐ.டி. வேலை என்றால் நவல்பட்டுப் பூங்காவும் ஊருக்குள் சிதறிக் கிடக்கும் சில கம்பெனிகளும்தான். கசந்தால் ஊரையே மாற்ற வேண்டும். ‘ஊர் பிடிக்கவில்லை’ என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காமல் போனது மேனேஜரைத்தான். தப்பிக்க வேறு கதவு இல்லாததால் கோபம் ஊர் மேல் திரும்பிவிடுகிறது. அதனால் ஒத்துக்கொள்வதற்கு முன் ஹெச்.ஆரிடம் நாலு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். டீம் லீட் பதவி எந்தத் தேதியிலிருந்து, சம்பளத் திருத்தம் எப்போது. உங்களை மதிப்பிடப் போகிறவர் திருச்சியில் உட்காருகிறாரா, சென்னையிலா. கிளையை மூடினால் உங்கள் நிலை என்ன. பதினெட்டு மாதம் கழித்துச் சென்னைக்குத் திரும்பக் கேட்டால் முன்னுரிமை உண்டா. பொறுப்பு கூடிச் சம்பளம் கூடாதது எனக்கு உறுத்துகிறது. ‘திருச்சியில் செலவு குறைவுதானே’ என்பார்கள். அது உங்கள் மிச்சம், கம்பெனியின் மிச்சம் அல்ல. இடமாற்றச் செலவாவது கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன், சென்னைக்குத் திரும்ப முன்னுரிமை என்ற அந்த நாலாவது விஷயம் எழுத்தில் கிடைத்தால். கிடைக்காவிட்டால் டீம் லீட் என்ற பெயருக்காக மட்டும் போக மாட்டேன். வாரம் இரண்டு நிகழ்ச்சி பார்க்கிற ஆள் நீங்கள் என்று ஜிபே சொன்னாலும் போக மாட்டேன்.

பதில் சொல்வதற்கு முன் ஒரு முறை வந்து பாருங்கள். எல்லாரும் செய்வது போல சனி, ஞாயிறில் வராதீர்கள். அது சுற்றுலா, ஸ்ரீரங்கத்தையும் கல்லணையையும் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் லீவு போடுங்கள், அல்லது அந்தக் கிளையிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். கே.கே. நகர் பக்கம் தங்குங்கள். காலையில் நவல்பட்டு, மாலையில் ஊருக்குள் என்று வேலை நாள் போலவே போய்வாருங்கள். ஒரு நாள் சாயங்காலம் யாரையும் கூப்பிடாமல் தனியாகச் சாப்பிடப் போங்கள். ஒரு நாள் இரண்டு வீடுகளைப் பாருங்கள், வாடகைக்கு எடுக்காவிட்டாலும் வீட்டுக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கிளையில் ஏற்கெனவே இருக்கும் பெண்கள் இரண்டு பேரிடம், ‘போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து என்ன செய்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ஊர் எப்படி என்று கேட்டால் எல்லாரும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. மாதக் கடைசிக்குள் இதற்கு நேரம் போதாது என்றால் ஹெச்.ஆரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். பாதி டீமை நகர்த்தப் பார்க்கிறவர்கள், ஒரு ஆள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் மறுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்